மூலிகையும் மருந்துச் சீட்டும்

(குணமாக்கும் ஊழிய ஞாயிறன்று நம் மருத்துவமனையின் சார்பில் ஆற்றிய உரை)



நம் மருத்துவமனைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் பலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பாகற்காய்ச் சாறு குடிக்கலாமா? சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடலாமா?" முன்பெல்லாம் நாங்கள் ஒரே வார்த்தையில், "கூடாது" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அது போதாது என்பதை ஒரு பெரியவர் மூலமாகக் கற்றுக்கொண்டோம்.

அவர் பனையேறும் தொழிலாளி. மூலிகைப் பொடியைப் பற்றிக் கேட்டபோது அவரைக் கடிந்துகொண்டோம். அதன்பின் நான்கு மாதங்கள் அவர் வரவில்லை. பொடியை வாங்கிக்கொண்டு, மாத்திரையை அறவே நிறுத்திவிட்டார். திரும்பி வந்தபோது வலது காலில் ஆறாத புண். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பனையேறுகிறவருக்குக் கால்விரல் என்றால் பிழைப்பு அல்லவா? "சொன்னா திட்டுவீங்கன்னுதான் சொல்லலம்மா" என்றார். அன்று நாங்கள் தலைகுனிந்தோம்.

எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு ஜெபித்தார், ஆண்டவர் கேட்டருளினார். ஆயினும் ஏசாயா தீர்க்கதரிசி அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். செடிகொடிகளில் குணம் வைத்தவர் தேவனே. நாம் அன்றாடம் எழுதித் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையின் கதையும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது. அதனுடன் நஞ்சும் இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த மருந்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்கள். 1957-இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். ஆகவே மூலிகை என்றதும் நகைக்கவும் வேண்டாம், சோதிக்காமல் நம்பவும் வேண்டாம்.

நம் அடுக்களை வெந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-களில் நாளொன்றுக்கு 25 கிராம் கொடுத்து ஆராய்ந்தனர், சர்க்கரை குறைந்தது. வெந்தயத்திலுள்ள நார்ச்சத்து வயிற்றில் கூழாகி, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் மெதுவாகச் சேரும்படி செய்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிக்காது என்பது கிராமத்தார் அறிந்ததே. சென்னையில் 22 நோயாளிகளுக்கு, அவர்கள் உட்கொண்டுவந்த மாத்திரையோடு இந்த இலையின் சாரத்தையும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வில் பலருக்கு மாத்திரையின் அளவு குறைந்தது. ஐந்து பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. ஆனால் 22 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது. பாகற்காயைப் பற்றிய ஆய்வுகளை 2012-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், மருந்தாகக் கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடிவு செய்தார்கள். பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இப்பொழுது நாங்கள் நோயாளிகளிடம் மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதிருங்கள்.

இரண்டாவது, வீட்டில் என்ன சாப்பிட்டாலும் எங்களிடம் மறைக்காதிருங்கள். மாத்திரையும் மூலிகையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். "சுத்த மூலிகை" என்று விற்ற சில பொடிகளைச் சோதித்தபோது அவற்றில் ஆங்கில மருந்தே கலந்திருந்ததும் உண்டு.

மூன்றாவது, இன்சுலினையே நம்பி வாழும் பிள்ளைகளுக்கு எந்த இலையும் ஈடாகாது. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பிழைக்க வழியில்லை. ஒரு பிள்ளையின் இன்சுலினை நிறுத்துவது அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

பிரியமானவர்களே, மருந்தை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் மூலிகையின்மேல் உள்ள நம்பிக்கையால் நிறுத்துவதில்லை. பேருந்துக் கட்டணமும் மருந்துச் செலவும் கூலியை விழுங்கிவிடுவதால் நிறுத்துகிறவர்கள் அநேகர். வேலியோரத்து ஆவாரம்பூ இலவசம், இன்சுலின் இலவசமல்ல. 2023-இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் ஏழைகளுக்கு இடையில்தான் உங்கள் காணிக்கை வேலை செய்கிறது. இன்சுலினாகவும், இரத்தப் பரிசோதனையாகவும், முன்பு தொழுநோயாளிகளுக்காக மிஷன் மருத்துவமனைகள் செய்துவந்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பாகவும் அது அவர்களிடம் போய்ச் சேருகிறது.

அந்தப் பெரியவரும் அப்படிப்பட்ட செருப்பு அணிந்துதான் இன்று மாதந்தோறும் வருகிறார். பனையேற்றம் நின்றுவிட்டது, கால் மிஞ்சியது. இரவில் வெந்தயம் ஊறப்போட்டு, காலையில் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டையும் எங்களிடம் மறைக்காமல் சொல்லுகிறார்.

மருந்து வாங்க வழியின்றி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். இயன்ற அளவு தாங்குங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.