இணையதளமும் ஒரு வாயிலே

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நம் சங்கம் இணையதளம் அமைத்தது. விண்ணப்பங்கள் குறைந்தபோது, மாணவர்க்கு ஆர்வமில்லை என்று நாம் எண்ணினோம். அது தவறு.

மாணவர் ஐவரை அழைத்து, கைப்பேசியில் விண்ணப்பிக்கச் சொன்னோம், நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுமாறு வேண்டினோம், குறுக்கிடாது கவனித்தோம். சாதிச் சான்றிதழைப் பதிவேற்றும் இடத்தில் நால்வர் நின்றுவிட்டனர். படத்தின் அளவு மிகுந்ததால் தளம் ஏற்கவில்லை. அக்காரணமும் ஆங்கிலத்தில் வந்தது. "தவறு என்னுடையதுதான்" என்றாள் ஒரு மாணவி. அச்சொல் நம்மைச் சுட்டது.

ஐவரைக் கொண்டு சோதித்தாலே குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். திருத்தியபின் வேறு ஐவரை அழைத்தோம். நால்வர் முடித்தனர், ஐந்தாமவர்க்காக மீண்டும் திருத்துகிறோம்.

கதவடைப்பின் கொடுமை அறிந்த நாம், நம் பிள்ளைகளுக்குக் கதவடைக்கலாமா? இளைஞர்களே, சோதிக்க வாருங்கள்!