ஏவலர் என்னும் சொல்லும் இல்லறத்தார் கடமையும்

(விழா அரங்கில் நிகழ்த்திய உரை)



ஒரு பொருட்குரிய பல சொற்களைத் தொகுத்துத் தருவது நிகண்டு. சூடாமணி நிகண்டினை இயற்றிய மண்டல புருடர் சமணச் சான்றோர். ஆதலின் சொல்லாராய்ச்சி நம்மவர்க்குப் புதிதன்று. இன்று ‘சர்வன்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் அதன் சுற்றத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

இலத்தீன் மொழியில் அடிமையைக் குறித்த ‘செர்வுஸ்’ என்பதே இதன் வேர். படைத்துறையில் வழங்கும் ‘சார்ஜென்ட்’ என்பதும் அவ்வேரிற் கிளைத்ததே. நாட்டை நடத்தும் அமைச்சரைக் குறிக்கும் ‘மினிஸ்டர்’ என்பதற்கும் இலத்தீனில் ஏவலர் என்பதே பொருள். ‘மீனியல்’ என்பது முதலில் வீட்டைச் சேர்ந்தவர் என்ற அளவில் நின்றது; பின்னர் இழிதொழிலைச் சுட்டலாயிற்று.

நாம் சிறப்பாக எண்ணத்தக்கவை ‘நைட்’, ‘நேவ்’ என்னும் இரண்டு சொற்கள். இரண்டும் பழைய ஆங்கிலத்தில் சிறுவனைக் குறித்தன. பின் ஏவல் செய்யும் சிறுவனைக் குறித்தன. போர்த்தொழிலோடு சேர்ந்தமையால் முன்னது வீரப் பட்டமாக உயர்ந்தது. வீட்டுப் பணியோடு நின்ற பின்னது, வஞ்சகன் என்னும் பொருளுக்குத் தாழ்ந்தது. ஏவியவர்களின் எண்ணமே அச்சொல்லில் மாசாகப் படிந்தது.

தமிழில் ‘அடிமை’, ‘அடியார்’ ஆகிய இரண்டும் ‘அடி’ என்னும் ஒரே சொல்லிற் பிறந்தவை. முன்னதைக் கேட்கவே கூசுகிறோம். பின்னதைக் கைகூப்பிச் சொல்கிறோம். ‘குற்றேவல்’ என்பது சிறுபணி என்றே பொருள்படும். அதிற் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் ஐம்பது அகவை கடந்தவரையும் ‘கடைப் பையன்’ என்று அழைக்கிறோமே! ‘நேவ்’ என்னும் சொல் வீழ்ந்த வழி இதுவன்றோ?

தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம், இல்லறத்தார் வரையறுத்துக்கொள்ள வேண்டிய உடைமைகளுள் நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவற்றோடு பணிப்பெண்டிரையும் பணியாட்களையும் எண்ணுகிறது. மனிதரும் உடைமையாகக் கருதப்பட்ட காலம் அது. அவ்வத்தியாயமே கொல்லாமை விரதத்திற்கு ஐந்து மாசுகளைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். முதல் மூன்றும் நம் இல்லங்களில் இல்லை. பின்னிரண்டும் இல்லை என்று உறுதியாகக் கூற இயலுமா? கதிரவன் மறையுமுன் நாம் உண்டு முடிக்கிறோம். நமக்குச் சமைத்துப் பரிமாறிய அம்மையார் எப்போது உண்கிறார்?

துறவியர்க்குப் பணிவிடை புரிதலை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்துப் போற்றுவது நம் சமயம். பணிவிடையைத் தவமென்று போற்றும் நாம், பணி செய்வாரை இழிசொல்லால் அழைத்தல் தகுமா? இத்திருநாள் முதல் அவர்களை ‘ஐயா’, ‘அம்மா’ என அழைப்போம். நம் பிள்ளைகளும் அவ்வாறே அழைக்கப் பழக்குவோம். அவர்கள் உண்ணும் வேளையையும் ஓயும் வேளையையும் நாமே கேட்டறிந்து காப்போம்.