மல்லாட்டைக் கொல்லையில் களையை அடக்குவோம்

திருவண்ணாமலை விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை



செங்கம், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு பக்கங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். மானாவாரியில் மல்லாட்டை போடுகிறவர்களும், அந்தக் கொல்லையில் களைக்கொட்டு பிடித்துக் கூலி வேலை செய்கிறவர்களும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே களையைப் பற்றியே பேசுகிறேன்.

மல்லாட்டைக்கு முதல் 45 நாள்தான் கண்டம். அதற்குள் களை மிஞ்சினால், பிறகு எவ்வளவு வெட்டியும் போன விளைச்சல் திரும்பாது. இதற்குத்தான் கடையில் களைக்கொல்லி டப்பாவை நீட்டுகிறார்கள். காசு கம்பெனிக்குப் போகிறது. கூலிக்காரருக்கு வேலை போகிறது. மருந்தடிப்பவர் விஷத்தோடு மல்லாடுகிறார். வேறு வழி உண்டா? உண்டு.

அமெரிக்காவிலும் பிரேசிலிலும் சோயா மொச்சை பயிரிடுவோரில் ஒரு பகுதியினர், முதலில் ரை, ஓட்ஸ் போன்ற தானியங்களை வளர்க்கிறார்கள். உருளை ஓட்டி அதைச் சாய்த்து, அந்தத் தாள் மெத்தையில் சோயாவை விதைக்கிறார்கள். பொடி விதைக் களைகள் பல வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தாள் வெளிச்சத்தை மறைக்கிறது. தானியத் தாள் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்கிறது. களை பட்டினி கிடக்கிறது. சோயாவோ வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்ப்பது. நம் மல்லாட்டையும் அதே அவரை இனம்தான்.

ஆனால் அப்படியே காப்பியடிக்கக் கூடாது. நல்ல பலனுக்கு ஹெக்டேருக்கு 8 டன் உலர்ந்த தாள் வேண்டும் என்பது அமெரிக்க அனுபவம். நம் வைக்கோலையோ மாடு கேட்கிறது. ஆகவே கோடை மழை கிடைத்தால், அல்லது கிணற்றில் நீர் இருந்தால், சித்திரையில் சணப்பு விதையுங்கள். பூத்த பின் அறுத்தால் தண்டில் நார் ஏறியிருக்கும், சீக்கிரம் மக்காது. வரப்பிலும் தரிசிலும் கொழுஞ்சி வளருங்கள். அதை மாடு மேயாது.

மல்லாட்டை முளைத்ததும் வரிசைக்கு நடுவே தழையைப் பரப்புங்கள். செடியடியில் குவிக்காதீர்கள், விழுது மண்ணில் இறங்கினால்தான் காய். 45-ஆம் நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது மிச்சத் தழையும் மண்ணாகட்டும். களை அடியோடு போகாது, குறையும். கோரையும் அறுகும் இதற்கு அடங்கா. அவற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

"களை குறைந்தால் எங்கள் கூலி என்னாவது?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி! தழையை அறுக்கவும் சுமக்கவும் பரப்பவும் கை வேண்டும். மருந்துக்குக் கொடுக்கும் பணம் அந்தக் கைகளுக்கு வரவேண்டும். ஆணுக்குக் குறையாத கூலியாக வரவேண்டும்.

அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரன் மண்ணை வளர்க்க முன்வருவானா? அவனுக்குச் சாகுபடிப் பாதுகாப்பு வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை வழங்குவதும் ஓர் அம்சம். அப்படிப்பட்ட விதை பட்டாதாரருக்கு மட்டுமல்ல, குத்தகைதாரருக்கும் கிடைக்க வேண்டும். சித்திரையிலேயே கிடைக்க வேண்டும்.

முழுக் கொல்லையிலும் உடனே செய்ய வேண்டாம். ஊருக்கு ஒருவர் பத்து சென்டில் பாதியை மூடி, பாதியைச் சும்மா விட்டுப் பாருங்கள். இரண்டிலும் களையெடுத்த ஆள் கணக்கையும் காய் எடையையும் குறித்துச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு நம் கையில் இருந்தால் கோரிக்கைக்கும் பலம் உண்டு!