ஆலை நிற்பதற்கு முன்னால்
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

நம் சங்கத்தின் காப்பு நிதியை, வங்கியை விடக் கூடுதல் வட்டி தரும் ஒரு கம்பெனியில் போடலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். லிஃப்ட் மாற்றவும் தண்ணீர்த் தொட்டி பழுது பார்க்கவும் வைத்திருக்கும் பணம் அது. ஒரு கம்பெனி நொடிக்கப் போவதை முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்று பேசச் சொன்னார் செயலாளர்.

ஓரளவு முடியும். 1968-ல் அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மேன் ஐந்து விகிதங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் வகுத்தார். 1.81-க்குக் கீழே போனால் ஆபத்து. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் பேலன்ஸ் ஷீட் நம் கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆகும். அதிலும் பொய் எழுதலாம். சத்யம் கணக்கில் காட்டிய ரொக்கம் வங்கியில் இல்லை என்பது 2009-ல், அதன் தலைவரே எழுதிக்கொடுத்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

நான் பார்ப்பது வேறு: யாருக்குப் பணம் தாமதமாகிறது?

பக்கத்துத் திருமண்டங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டரடிப்பொடி ஆழ்வார் பிறந்த ஊர். நமக்கெல்லாம் சர்க்கரை ஆலை ஊர். கரும்பு கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தரவேண்டும், தவறினால் 15 சதவீதம் வட்டி என்கிறது 1966-ம் வருடத்துக் கட்டுப்பாட்டு ஆணை. திரு ஆரூரான் ஆலையில் அந்தப் பாக்கி வருடக்கணக்கில் நின்றது. திவால் நடவடிக்கை வந்தது அதற்குப் பிறகு. ஆலையும் கை மாறியது. 2022 நவம்பரில் விவசாயிகள் அங்கே காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கரும்புப் பணம் வராதது மட்டுமல்ல, தங்கள் பெயரில் ஆலை வங்கிக் கடன் வாங்கிவிட்டது என்பதும் அவர்கள் புகார்.

இந்தத் தொழிலின் கஷ்டத்தையும் சொல்லவேண்டும். கரும்புக்குக் குறைந்தபட்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. சர்க்கரை விலை சந்தையில் ஏறி இறங்குகிறது. அரவை சில மாதம்தான், விற்பனை வருடம் முழுக்க. நடுவில் உள்ள பள்ளத்தைக் கடன்தான் நிரப்பும். மழை பொய்த்துக் கரும்பு வரத்து குறைந்தால் அரவை குறையும், வட்டி குறையாது.

கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் லெட்ஜரிலேயே தெரியும். கேஷ் கிரெடிட் கணக்கு வரம்பைத் தொட்டு இறங்காமல் நிற்கும். முதல் தேதி வரும் சம்பள லிஸ்ட் பன்னிரண்டாம் தேதி வரும். பி.எஃப். சலான் இரண்டு மாதத்துக்குச் சேர்ந்து வரும். கம்பெனி ஆண்டு விழா மட்டும் ஜோராக நடக்கும்!

ஒன்றை மறக்கவேண்டாம். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கம்பெனி டெபாசிட்டுக்கு அது கிடையாது.

அந்தக் கம்பெனியின் மூன்று வருடக் கணக்கைக் கேட்டிருக்கிறேன். அங்கே வேலை பார்ப்பவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், இந்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று விசாரித்துச் சொல்லுங்கள். அதுவரை தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.