ஆவாரைக்கு மூன்றடி இடம் கொடுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய மூன்றடி அகல மண் துண்டில் களை மண்டிக் கிடக்கிறது, பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அதில் நிற்கும் மூன்று செடிகள் களை அல்ல. நான் விதை போட்டு வந்த ஆவாரை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது தரிசுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதே செடிதான். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆணிவேர் ஆழமாகப் போய்த் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும்.

இது தெரியாமல் முதலில் இரண்டு செடிகளைக் கொன்றேன். ஒன்றைத் தரிசிலிருந்து பிடுங்கி வந்து நட்டேன். வேர் அறுந்து நாலே நாளில் வாடியது. இன்னொன்றைத் தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், வேர் அழுகிவிட்டது.

சரியான வழி இதுதான். பழுப்பான, காய்ந்த காயிலிருந்து விதை எடுங்கள். மேல்தோல் கெட்டி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பிய விதைகளை ஐப்பசி மழை சமயத்தில், செடி நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்றடிக்கு ஒன்றாகப் போடுங்கள். நல்ல வெயில் வேண்டும். முதல் கோடையில் வாரம் ஒரு தடவை தண்ணீர் போதும். வேர் பிடித்த பிறகு மழையே போதும். உரம் போட்டால் இலைதான் கொழிக்கும். பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் புதராக அடர்ந்து வரும். தொட்டியில் வைப்பவர்கள் ஆழமான தொட்டியில் செம்மண்ணும் மணலும் கலந்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு வையுங்கள்.

இலையில் பச்சைப் புழு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும் செடி இது. தின்ற இலை மறுபடி துளிர்க்கும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று அதிரும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

ஆவாரம்பூ டீ குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா என்று சிலர் கேட்டீர்கள். நிறுத்தக் கூடாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் டீயும் தொடங்க வேண்டாம்.

தெலங்கானா மாநிலம் இந்தப் பூவைத்தான் 2014-இல் மாநில மலராக அறிவித்தது. பதுகம்மா பண்டிகையில் அங்குள்ள பெண்கள் அடுக்கும் பூக்களில் இது முக்கியமானது. நாமும் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரம்பூவைத் தேடுகிறோம். தரிசெல்லாம் பிளாட்டாகிக்கொண்டே போனால் அந்தப் பூ எங்கிருந்து வரும்?

பேவர் பிளாக் பதித்தால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க அந்த ஓரமும் இருக்காது. கார் நிறுத்தும் இடத்தை நான் கேட்கவில்லை. சுவரோரம் அந்த மூன்றடியை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் வருடம் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. அடுத்த வருடம் யாருக்கும் வேலையே இல்லை. விதை வேண்டுபவர்கள் ஒரு காகித உறையோடு வாருங்கள்.