மாசியில் முட்டைக்கோஸ் விதைக்கலாமா?



மாசி, பங்குனி வந்துவிட்டால் கைப்பேசியில் தோட்ட வீடியோக்கள் குவிய ஆரம்பித்துவிடும். இங்கிலாந்திலோ கனடாவிலோ ஒருவர் கம்பளிச் சட்டையோடு நின்றுகொண்டு, "குளிர் விலகிவிட்டது, பட்டாணி, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் போட இதுதான் நேரம்" என்பார். அவர் ஊருக்கு அது சரிதான். அதைக் கேட்டு நாம் கேரளத்து அட்டப்பாடியின் அகளியில் பாத்தி கொத்தினால், கோஸ் நாற்று வேர் பிடிக்கும்போது சித்திரை வெயில் வந்துவிடும். இலை விரியும், உருண்டை பிடிக்காது. பிறகு விதைக்காரரைத் திட்டுவோம். அவர் என்ன செய்வார், பாவம்!

குளிர்நாட்டில் தோட்டம் போடுகிறவருக்கு முதல் கவலை மண்ணின் சூடு. பட்டாணியும் லெட்யூஸும் மண் 5 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டாலே மெல்ல முளைத்துவிடும். பீன்ஸுக்குக் குறைந்தது 15 டிகிரியாவது வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் விதை ஈரத்தில் ஊதி அழுகிப்போகும். டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்கள் கத்தரி நாற்றை மார்ச்சிலேயே ஜன்னலோரம் வளர்த்தாலும், மே கடைசியை ஒட்டி வரும் விக்டோரியா நாள் விடுமுறை வரை வெளியே நடத் தயங்குவார்கள். ஒரே ஒரு ராத்திரி உறைபனி போதும், இரண்டு மாத உழைப்பும் கருகிவிடும்.

இதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டாம். அகளியிலிருந்து முள்ளி, கெத்தை, மஞ்சூர் என்று வளைவு வளைவாக ஏறினால் ஊட்டி வந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில்தான் அது விழும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால்தான் ஒரே ஊரில் மேட்டுத் தோட்டம் தப்பிக்கும், ஓடையோரத் தோட்டம் கருகும். விடியற்காலையில் தெளிப்பான் போட்டுவிடுகிறார்களே, அதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். இலைக்கு அந்த வெப்பமே காப்பு.

நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு மூன்று போகம் சொல்வார்கள். பனி முடியும் தறுவாயில் பாசனத்தை நம்பிப் போடுவது நீர்போகம், கோடை மழையோடு போடுவது கார்போகம், ஆவணி வாக்கில் கடைபோகம். அந்த நீர்போகத்தைத்தான் குளிர்நாட்டு வசந்த விதைப்புக்கு நம் பக்கத்து உறவு என்று நான் சொல்வேன்.

இடுக்கியில் காந்தளூர், வட்டவடைப் பக்கமும் இதே குளிர்தான் பிழைப்பு. அந்த ஊர்ப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு குளிரை அனுபவித்தால்தான் பல் பிரியும். இல்லாவிட்டால் சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றைக் குமிழாக நின்றுவிடும்.

காலிபிளவர் கதை இன்னும் சுவையானது. 1822-இல் இங்கிலாந்திலிருந்து விதை வந்து, சகாரன்பூர் கம்பெனித் தோட்டத்தில் விதைத்தார்கள். வந்தது கடுங்குளிர்ச் செடி. வட இந்திய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக, வெயிலிலும் பூ வைத்த செடிகளிலிருந்தே விதை எடுத்து எடுத்து, 20 டிகிரிக்கு மேலும் பூப்பிடிக்கும் ரகங்களை உண்டாக்கிவிட்டார்கள். 'ஸ்னோபால்' என்ற வகைக்கோ இன்றும் 10 முதல் 16 டிகிரி வேண்டும். பாக்கெட்டில் இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பூப் படம்தான்! படத்தை விட்டுவிட்டு ரகத்தின் பெயரைப் படியுங்கள். டில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா மேக்னா' போன்ற முன்பருவ ரகம் கிடைத்தால் நம் பள்ளத்தாக்குக்கு ஒத்துவரும்.

சரி, அகளியில் மாசிக்கு என்னதான் வேலை?

அட்டப்பாடியில் முக்காலிப் பக்கம் மழை கொட்டும், ஆனைகட்டிப் பக்கம் போகப் போக மழைமறைவு. நம் கிழக்குப் பாதியில் விதை காத்திருப்பது கோடை மழைக்கு. இருளர் ஊர்களில் மூப்பன், பண்டாரி, குறுதலை என்ற பொறுப்புகளோடு மண்ணூக்காரன் என்றொருவரும் உண்டு. மண், விதைப்பு எல்லாம் அவர் பார்ப்பது. ராகி, சாமை, துவரை, அவரை, கடுகு, கீரை என்று கலந்து விதைக்கும் பஞ்சகிருஷிக்கு நிலம் தயாராகும் காலம் இது. கொட்டும் குழலுமாக ஊரே சேர்ந்து கொத்தி விதைக்கும் கம்பளத்தைப் பார்த்தவர்களுக்கு, விவசாயம் தனி ஆள் வேலை என்ற எண்ணமே வராது. ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று சோறு போடும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. தோட்டக்கலைப் புத்தகங்கள் இதை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பேசலாம்.

வெள்ளைத் தோலுள்ள அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு போல வளைந்த, ஊதாச் சாயலுள்ள ஆட்டுக்கொம்பு அவரைக்கும் அதே 2022-இல் புவிசார் குறியீடு வந்தது. பழைய கொடி அவரை ரகங்களுக்கு இராத்திரி நீள வேண்டும். எப்போது போட்டாலும் அவை பெரும்பாலும் பகல் குறுகும் கார்த்திகை, மார்கழியை ஒட்டித்தான் பூக்கும்.

ஆகவே இப்போது கை அரித்தால் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தண்டுக்கீரை போடுங்கள். சருகோ வைக்கோலோ கொண்டு நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டு, சாயங்காலத்தில் தண்ணீர் விடுங்கள். கோஸ், காலிபிளவர் விதையை ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். புரட்டாசி நடுவில் நாற்று விட்டு, ஐப்பசி நடுவில் நட்டால் தையில் கோஸ் அறுக்கலாம். கேரட்டை ஐப்பசியில் நேரே பாத்தியிலேயே தூவ வேண்டும், பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துவிடும். அதுவரை வைத்திருந்த விதை உயிரோடிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒரு வாரம் வையுங்கள். ஏழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். மூன்று, நான்குதான் முளைத்தது என்றால் புதுப் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.