தாதி என்னும் சொல்லும் தாதியர் நலனும்



மருத்துவமனைத் தாதியரின் தொழிற்கல்வியையும் நலனையும் பற்றிப் பேச மொழியியலுக்கு என்ன உரிமை என்று நீங்கள் வினவக்கூடும். ஒரு தொழிலைச் சமுதாயம் எவ்வாறு மதிக்கிறது என்பதை அத்தொழிலுக்கு அது இட்டு வழங்கும் பெயர் ஓரளவு காட்டிவிடும். அம்மதிப்புக்கேற்பவே ஊதியமும் ஓய்வும் கல்வி வாய்ப்பும் அமைகின்றன. ஆகவே பெயரிலிருந்தே தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் வழங்கும் சொல் செவிலியர். தொல்காப்பியக் களவியலில் செவிலி கூற்று நிகழ்த்துதற்குரிய இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவள் தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள். உடன்போக்கில் சென்ற தலைவியைத் தேடிப் பாலைவழியில் நடப்பவளும் அவளே. மலேசியாவில் நாம் வழங்கும் 'தாதி' வடமொழித் 'தாத்ரி'யின் வழி வந்தது. அதன் பொருளும் வளர்ப்புத் தாயே. பணிப்பெண் என்னும் பொருளும் அதனோடு சேர்ந்தது. நம் முதியோர் பலர் 'மிஸ்ஸி' என்றே அழைப்பர். மலாய்ப் பேச்சு வழக்கிலும் 'மிசி' உண்டு. ஆனால் மலாயின் முறையான சொல் 'ஜுருராவாட்'. 'ஜுரு' என்பது ஒரு துறையில் தேர்ச்சி பெற்றவரைக் குறிக்கும். 'ராவாட்' என்பது நோயுற்றவரைப் பேணுதல். பொறியியலாளரைக் குறிக்கும் 'ஜுருதெரா'விலும் முன்னிற்பது அதே 'ஜுரு'. இலங்கையில் அரசு வழக்கு 'தாதிய உத்தியோகத்தர்' என்கிறது. பழைய சொல்லோடு பதவியின் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

நம் சொற்கள் தாய்மையைச் சுட்டுகின்றன. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் தாய்க்கு விடுமுறை இல்லை, ஊதியம் இல்லை, பயிற்சி தேவையில்லை என எண்ணிப் பழகியவர்கள் நாம். அந்த எண்ணம் தாதியர்மேலும் படிகிறது. மே 12ஆம் நாள், அனைத்துலகத் தாதியர் தினத்தில், 'தியாகம்', 'தொண்டு' என்று வாழ்த்துகிறோம். அவர்கள் எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்று கேட்பதில்லை.

தாதிமை கற்றுத் தேர வேண்டிய தொழில் என்பதைச் சட்டம் முன்பே ஏற்றுக்கொண்டது. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் பதிவு பெற்றோரே இத்தொழில் புரிய இடமளிக்கிறது. பணிச்சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. தீவிர சிகிச்சை, மகப்பேறு, சிறுநீரகம் முதலிய பிரிவுகளுக்குத் தனித்தனி மேற்பயிற்சிகள் உள்ளன. கேள்வி ஒன்றே: இக்கல்விக்குரிய நேரம் எவருடையது? இரவுப்பணி முடித்து, வீடு செல்லாமல் விரிவுரைக் கூடத்தில் அமர்பவருக்குக் கண் திறந்திருக்கும், கருத்து ஏறாது. பயிற்சி நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடுவதே முறை.

மொழியும் இக்கல்வியின் ஒரு பகுதி. ஜார்ஜ்டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனைக்கு வருவோர் மலாய், ஹொக்கியன், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழி பேசுவோர். ஒரு தமிழ் மூதாட்டி 'நெஞ்சு கரிக்குது' என்றால் அது பெரும்பாலும் செரிமானத்தோடு தொடர்புடைய எரிச்சல். 'நெஞ்சை அடைக்குது' என்றால் இதயத்தை உடனே நினைக்க வேண்டும். 'மயக்கமா வருது' என்பது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவிழத்தலாகவும் இருக்கலாம். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் ஆகிய அனைத்தும் 'வலி' என்ற ஒரே சொல்லாகக் குறிப்பேட்டில் ஏறினால், மருத்துவர்க்குப் பயன்படும் செய்தி பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். அவ்வேறுபாட்டைக் கேட்டறிந்து, பணி மாறும்போது அடுத்தவரிடம் பிழையின்றி ஒப்படைப்பவர் தாதியே. களைத்த செவி இவ்வேறுபாட்டைத் தவறவிடும். தாதியர் நலன் நோயாளியின் பாதுகாப்போடு பிணைந்திருப்பது இங்கேதான்.

களைப்பு என்றோம். உலக சுகாதார அமைப்பின் பதினோராவது நோய் வகைப்பாடு, பணியினால் விளையும் சோர்வைத் தொழில்சார் நிகழ்வாகப் பதிவு செய்து, அதற்கு மூன்று கூறுகள் சொல்கிறது: ஆற்றல் வற்றுதல், பணியிலிருந்து மனம் விலகுதல், தம் திறன் குறைந்ததென உணர்தல். தமிழ்ப் பேச்சில் களைப்பு, சலிப்பு என்று முதலிரண்டையும் பிரித்தே சொல்கிறோம். களைப்பை ஓய்வு தீர்க்கும். சலிப்பு ஓய்வினால் மட்டும் தீராது. தம் சொல் கேட்கப்படுகிறது என்ற நம்பிக்கை வேண்டும். 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற மூன்றாம் நிலைக்கோ கல்வியும் மூத்தோர் துணையும் மருந்தாகும். மூன்றையும் 'டென்ஷன்' என்று ஒரே சொல்லில் அடக்கினால் மூன்றுக்கும் ஒரே மருந்துதான் எழுதுவோம்.

2024இல், முறைப்பணியிலுள்ள அரசுத் தாதியரின் வார வேலைநேரம் 42 மணியிலிருந்து 45 மணியாகும் என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் குரல் எழுந்தது, நடைமுறை ஒத்திவைக்கப்பட்டது. மூன்று மணி நேரம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் இரவுப்பணியைப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புடையதென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. நம் தாதியர் பலர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் செல்கிறார்கள். அவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று பேசுவோர், இங்கு எஞ்சியிருப்போரின் பணிச்சுமையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைகள் செய்யத்தக்கவை சில: புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு மூத்த தாதியைத் துணையாக்குதல், இரு முறைப்பணிகளுக்கிடையே உறங்கப் போதிய இடைவெளி விடுதல், நோயாளி இறந்த நாளில் அவரைப் பேணியவர் மனம்விட்டுப் பேச இடமளித்தல்.

ஆசிரியர்களாகிய நமக்கும் பணி உண்டு. நோயையும் வலியையும் சுட்டும் தமிழ்ச் சொற்களை மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிடம் கேட்டுத் தொகுத்து, மலாய்ப் பொருளோடு எழுதட்டும். அத்தொகுப்பு ஒரு வார்டில் பயன்படும். தாதிமை பயில விரும்பும் மாணவியிடமும் மாணவனிடமும், 'மருத்துவப் படிப்பு கிடைக்கவில்லையா?' என்று கேட்பதை நிறுத்துவோம்.

தாதி என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. சொற்பொருள் காலந்தோறும் விரியும். விரிப்பவர் அதை வழங்கும் மக்களே. தேர்ச்சி, ஊதியம், ஓய்வு என்னும் மூன்றும் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் மனத்தில் தோன்றுமானால், அதுவே அச்சொல்லுக்கு நாம் சேர்க்கும் புதுப்பொருள்.